மௌவல் என்ற பெயர் பரவிய விதம்

என் மகளுக்கு நான் வைத்த பெயரின் அருமை பெருமைகளைப் பற்றி நானே மேடையேறிப் பேசியிருக்கிறேன். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேசியதையும் யாரும் கேட்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. கரகம் இறங்கியாகிவிட்டது, அன்னதானத்துச் சோறு அடுப்பிலிருந்து இன்னும் இறங்கவில்லை. ஜனங்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்து போகவும் மனமில்லை. அந்த நேரமாகப் பார்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். மற்றத் தகப்பன்மார் பிள்ளையின் அழகைப் பீற்றிக்கொள்வார்கள். பிள்ளையின் அழகில் எனக்குப் பாதிப் பங்குதான். அந்தப் பாதியையும் என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை. பெயர் முழுக்க முழுக்க என்னுடையது.

பெயர் மௌவல்.

நல்ல பெயராக இருக்கிறதே என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு நன்றி. அந்தக் காலத்தில் மலாயாவின் ஜொகூர் முழுவதிலும் அப்படி நினைத்தவன் நான் ஒருவன்தான்.

அப்போது நான் காஹாங்கைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. கிராணி என்றால் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் பெறும் மனிதன். குன்றின் உச்சியில் துரையின் பங்களா. அதற்குச் சற்றுக் கீழே, காற்று வரும் இடத்தில், என் வீடு. பள்ளத்தில், ஆற்றை ஒட்டினாற்போல, பால்வெட்டுக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்கள். யார் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தோட்டம் போட்டவர்கள் மிகத் தெளிவாகவே முடிவு செய்திருந்தார்கள்.

எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் புத்தகம். சென்னையில் அச்சான பழைய பாட்டுப் புத்தகங்கள் கப்பலில் சிங்கப்பூர் வந்து, ரயிலில் குளுவாங் வந்து, மாட்டு வண்டியில் தோட்டத்துக்கு வரும். வந்ததில் பாதியைக் கரையான் படிக்கும், மீதியை நான் படிப்பேன். கரையானுக்குச் செரித்த அளவு எனக்குச் செரிக்கவில்லை என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி.

எங்களுக்கு முதலில் பிறந்தது பையன். பத்து பாகாட் பக்கத்தில் வேறொரு தோட்டத்தில் வேலையாயிருந்தபோது பிறந்தான், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அடுத்து இந்தப் பெண் பிறந்தபோது என் மனைவி சாமி பேராக ஏதாவது ஒன்று வைத்தால் போதும் என்றாள். பூசாரி அம்மன் பேரைத்தான் வைக்க வேண்டும் என்றார்; அம்மனுக்கு இருக்கும் பேர்களையெல்லாம் ஒரு மூச்சில் அடுக்கியும் காட்டினார். நான் மறுத்துவிட்டேன். லயத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தப் பேர்களில் ஒன்று எட்டிப் பார்க்கும். என் பெண்ணை நான் கூப்பிட்டால் என் பெண் மட்டும்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு தகப்பன் கேட்கக்கூடாத சலுகையா இது?

மௌவல் முல்லைக்கு உறவு. வீட்டோரத்து மரத்தில் படர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் மணக்கும் வெள்ளைப் பூ. பெண்களின் பல்வரிசைக்கு அதன் மொட்டுகளைச் சொல்வது பழைய புலவர்களின் வழக்கம்.

"பொறந்த புள்ளைக்குப் பல்லு எங்கங்க இருக்கு?" என்றாள் என் மனைவி.

"முளைக்கும்" என்றேன்.

அந்தப் பூவை நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கித்தா என்கிற ரப்பர் மரத்தைத் தவிர வேறு எது முளைத்தாலும் புல்வெட்டும் ஆள் வந்து சீவிவிட்டுப் போகும் இடத்தில் மௌவலை எங்கே போய்ப் பார்ப்பது? பெயர் வைத்த நாளன்று போட சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக் கவுன் வாங்கி வந்தேன். கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பூத்தையல். இது மௌவல்தான் என்று கடைக்காரனிடம் சொன்னேன். சரி என்றான். தாமரை என்றிருந்தாலும் சரி என்றிருப்பான். குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டிய இடத்தில் பொருளையும் சேர்த்துச் சொன்னேன். அழுதது. பொருள் புரிந்துதான் அழுகிறது என்று பூசாரி என் காதுபடவே சொன்னார்.

அந்த ஆண்டு மழைக்குப் பிறகு தோட்டத்தில் காய்ச்சல் வந்தது. எல்லா ஆண்டும் வருவதுதான். அந்த முறை சற்று அதிகம். ஆற்றோர லயத்தில் கைக்குழந்தைகள் வரிசையாகப் போயின. எங்கள் வீட்டுக்குள்ளும் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கூப்பிடாமலேயே தினமும் மேட்டுக்கு வந்து பார்த்தார், கொய்னா மாத்திரை தந்தார், நல்ல கொசுவலை இருந்தது, கொதிக்க வைத்த தண்ணீர் இருந்தது. மௌவல் பிழைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் பரவ ஆரம்பித்தது.

முதலில் வைத்தது கங்காணியின் மருமகள். செய்தி கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண் மௌவல் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறாள் என்றால் தமிழுக்கு என்ன குறை? அடுத்து அரிசிக்கடை ஓரத்து லயத்தில் ஒருத்தி வைத்தாள். அடுத்து அவள் தங்கை. நான் மீசையைத் தடவிக்கொண்டு, பால்வெட்டு நடக்கும் வெளிக்காட்டுக்கு மேற்பார்வைக்குப் போய்வந்தேன். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, நாலெழுத்து படித்தவர், என்னைச் சந்தையில் பார்த்து, "என்னய்யா, எங்க தோட்டத்துலயும் ஒண்ணு மொளச்சிருக்கே, வெதை உம்மதா?" என்று கேட்டார். கேள்வியின் விரசத்தைக்கூட அன்றைக்கு நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எரிச்சல் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு நாள் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆயாக் கொட்டகை பக்கம் போனேன். தாய்மார்கள் பால்வெட்டப் போயிருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. மகளை இறக்கிவிட்டதும் அவள் சேற்றுக்கு ஓடினாள். "மௌவல்!" என்று அதட்டினேன். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒன்று தவழ்ந்து என்னிடமே வந்துவிட்டது. என் பெண் மட்டும் திரும்பவில்லை.

"எந்த மௌவலுங்கய்யா?" என்று ஆயா கேட்டாள்.

எந்த மௌவலாம்! புலவர்களின் ஏடுகளிலிருந்து நான் ஒற்றை ஆளாகத் தோண்டியெடுத்து வந்த பெயரை, என்னிடமே, எந்த மௌவல் என்று கேட்கிறாள்! அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தவழ்ந்து வந்த உருப்படியைத் தூக்கிப் பார்த்தால் அது ஆண். ஆம்பிளைப் பிள்ளைக்கும் வைத்துவிட்டார்கள். பல்வரிசை, பெண், பூ, ஒரு இழவும் யாருக்கும் தெரியவில்லை. ஜவுளிக்கடையில் மலிவாகப் போட்ட சீட்டித் துணி மாதிரி ஆளுக்கொரு முழம் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பொருள் தெரியாமல் வைக்கிறார்கள், அதுதான் கோளாறு. பொருளைச் சொல்லிவிட்டால் பெயருக்கு ஒரு மரியாதை வரும் என்று நினைத்துத்தான் நான் அந்தத் திருவிழா மேடையில் ஏறியது.

நன்றாகவே பேசினேன். பூவின் நிறம் சொன்னேன், மணம் சொன்னேன், மொட்டுக்கும் பல்லுக்கும் உள்ள பொருத்தத்தை என் பல்லையே காட்டி விளக்கினேன். கடைசியில், யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன். வயிற்றில் பிள்ளையோடு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"ஐயா, பாப்பாவோட பழைய சட்டை இன்னும் ஏதாச்சும் மீதி இருக்குங்களா?"

சபை சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுவரை சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும், பதிலுக்காக, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் மனைவியின் தகரப் பெட்டியைத் திறந்தேன். மகள் பிறந்ததிலிருந்து போட்டு வளர்த்த சட்டை, கவுன், குல்லாய் எல்லாம் இருந்த பெட்டி. அடியில் ரசகற்பூர உருண்டை மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

"எங்கே?"

"குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"கேட்டாங்க, குடுத்தேன். பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? பொழச்சு நல்லா இருக்கிற புள்ள போட்டுக் கழிச்ச துணியத்தான் மொதல்ல போடணும். துணிய வாங்கினா பேரையும் சேத்து வாங்கிக்குவாங்க. இந்தத் தோட்டத்துல அப்படித்தான்."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. ஆக, தமிழும் இல்லை, புலவரும் இல்லை! என் பெயர் ஒரு கவுனின் வாலைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாகப் போயிருக்கிறது. துணிக்கு இனாமாகப் பெயர். நான் என்ன, பழந்துணி வியாபாரமா செய்கிறேன்? என்னைக் கேட்காமல் என் பெயரைத் தானம் பண்ணுவதற்கு இவள் யார்? இப்படியெல்லாம் கத்தினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கும்போது சொன்னாள்:

"நாம மேட்டுல இருக்கோம். அவங்க பள்ளத்துல இருக்காங்க. மேட்டைத் தூக்கிக் குடுக்க முடியுமா? சட்டையத்தான் குடுக்கலாம்."

"அதுக்காக..."

"நம்ம பொண்ணு மொதமொதல்ல போட்டது யாரு துணின்னு நெனச்சீங்க? உங்க சிங்கப்பூரு கவுனுன்னா? லயத்துல ஒருத்திகிட்ட நான் கேட்டு வாங்கிட்டு வந்தது."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்: "அப்போ பேரு?"

"காதுல நீங்க சொன்னது ஒண்ணு. அதுக்கு முன்னாடி நான் சொன்னது ஒண்ணு."

அது என்ன பெயர் என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. நானும் ஊரிலுள்ள பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், வெங்காயத்தைத்தான் பார்க்கிறாள்.

அன்றைக்கே உத்தரவு போட்டேன். இனி இந்த வீட்டிலிருந்து ஒரு நூல்கூட வெளியே போகக்கூடாது. மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, அந்தக் கழுத்தில் பூப்போட்ட சிங்கப்பூர்க் கவுன். என் புத்தகப் பெட்டியில் இருந்ததால் தப்பியது. பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். கரையானிடமிருந்து காப்பாற்ற முடியாத பெட்டியை ஜனங்களிடமிருந்து காப்பாற்றக் கிளம்பினேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி கிணற்றடியில் இருந்தாள், நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன். அடுக்களை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மேடையில் என்னைக் கேள்வி கேட்டவளேதான். ஆற்றோர லயத்தில் கடைசி வீடு. அவளுக்குப் பிறந்தவை எல்லாம் அந்த ஆற்றங்கரை மண்ணுக்குள்தான் இருந்தன என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இப்போது கையில் துண்டில் சுற்றிய ஒரு புதிய குழந்தை. பிள்ளை பெற்ற உடம்போடு மேடேறி வந்ததில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இல்லீங்களா?"

"எதுக்கு?"

"ஒரு துணி கேட்டிருந்தேங்க."

"துணியெல்லாம் தீர்ந்துபோச்சு."

"கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்லீங்கய்யா. கிழிஞ்சதுதான் இன்னும் நல்லது."

போகச் சொல்லியிருக்கலாம். எனக்குள்ளே இருந்த புலவர் விடவில்லை. "துணிதானே வேணும்? துணிய வாங்கிட்டுப் போ. பேரு எதுக்கு உங்களுக்கு?" என்றேன்.

என்னைப் பார்த்து அவளுக்கு இரக்கமாக இருந்தது போலிருக்கிறது. பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "துணிய வாங்கிட்டுப் பேர விட்டா எப்படிங்க? உசுர எடுக்க வர்றவனுக்கு அடையாளம் தெரியணுமில்ல? துணிய மோந்து பாப்பான், பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாப்பான். அட, இது அன்னைக்கே நம்ம கையிலேருந்து தப்பிச்சதாச்சேன்னு அடுத்த வீட்டுக்குப் போயிருவான்."

"அடுத்த வீட்டுலயும் மௌவல்தானே இருக்கு?"

"அதான்யா. எந்த வீட்டுக்குப் போனாலும் அதே ஆளுதான் இருக்கணும்."

எனக்கு விவாதத்தில் தோற்றுப் பழக்கமில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சரி, அந்தப் பேருக்கு அர்த்தமாவது தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருத்தியாவது என் பேச்சைக் கேட்டிருக்கிறாள்! "என்ன அர்த்தம்?"

"பொழச்ச புள்ளன்னு அர்த்தம்."

என்னிடம் இருந்த அகராதிகள் எதிலும் இந்தப் பொருள் கிடையாது. தவறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். துண்டுக்குள் இருந்தது தும்மியது. தாய் சட்டென்று அதன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. பத்து பாகாட்டில் என் மனைவி கை அதேபோல ஒரு நெற்றியில் போய்ப் போய் வந்தது எனக்கு நினைவு வந்தது. சாவியை அவிழ்க்கப் பார்த்தேன். அரைஞாணில் முடிந்த சாவியைக் கோபமாக இருக்கும்போது அவிழ்க்க முடியாது, நல்ல முடிச்சு. கடைசியில் பேனாக்கத்தியால் அறுத்து எடுத்தேன்.

கவுனை வாங்கிய கையோடு, கழுத்தில் இருந்த பூத்தையலை அவள் இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கு மனம் குளிர்ந்தது. "இது குத்தும்யா, பிரிச்சுக்கிறேன்" என்றாள்.

அவள் மேட்டிலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோபம் தீரவில்லை, கோபப்பட வேண்டிய ஆள் மாறியது. இத்தனை நாளாக என் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று யார்மேல் எரிந்து விழுந்தேனோ, அவர்கள் வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அதை வடியவிட ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று டிரெசர் சொல்லாத நாளில்லை. வாய்க்கால் செய்ய வேண்டிய வேலையை என் மகளின் கவுன் செய்துகொண்டிருக்கிறது! என் வீட்டுப் பெட்டி காலியானதற்கு நான் குதித்தேன். அந்த வீட்டுத் தொட்டில்கள் காலியானதற்கு இந்தத் தோட்டத்தில் யார் குதித்தார்கள்?

திங்கட்கிழமை துரையிடம் போனேன். வாய்க்கால் என்றேன். ரப்பர் விலை இறங்கிக் கிடக்கிறது, இப்போது முடியாது என்றார். விலை ஏறிக் கிடந்தபோது, பால்வெட்ட ஆள் போதவில்லை, வாய்க்காலுக்கு ஆளெங்கே என்று கேட்டவர் இவர்தான். அதைச் சொன்னேன். கிராணி சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. சுருட்டை வாயிலிருந்து எடுத்து, "உன் பிள்ளை சௌக்கியம்தானே?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். "பிறகென்ன?" என்றார்.

பிறகென்ன என்பதற்கு என்னிடம் பதில் நிறைய இருந்தது. எல்லாம் படி இறங்கி வரும்போதுதான் வந்தது. அதற்குப் பிறகு வாரந்தவறாமல் அவரிடம் வாய்க்கால் பேச்சை எடுத்தேன். எனக்கு நாட்டுப்பற்றோ தயாளமோ முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம்; பிடிவாதம்தான். ஒரு பெயருக்காக ஊரையே பகைத்துக்கொண்டவனுக்கு ஒரு வாய்க்காலுக்காக ஒரு துரையைப் பகைத்துக்கொள்வது பெரிய காரியமில்லை. என் முகத்தைப் பார்க்கவே அலுத்துப்போய் அவர் ஆள் விட்டார். பாதி தூரம் வெட்டினார்கள். மீதிப் பாதி, நான் அந்தத் தோட்டத்தைவிட்டு வரும்வரை, அடுத்த மாதம் வெட்டுவதாகவே இருந்தது.

அடுத்து வந்த மழைக்காலம் முடிந்தபோது ஆற்றோர லயத்தின் கடைசி வீட்டுக் குழந்தை உயிரோடு இருந்தது. கவுனாலா, அரை வாய்க்காலாலா, என் மனைவி எனக்குத் தெரியாமல் அனுப்பிக்கொண்டிருந்த கொசுவலையாலா என்று எனக்குத் தெரியாது. வெளிக்காட்டிலிருந்து திரும்பும்போது ஒரு நாள் வாசலில் பார்த்தேன். தாய் அதை நிற்கவைத்துக் கையைப் பிடித்திருந்தாள். கவுன் இறுகிப் போயிருந்தது. கழுத்தில் பூ இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. வாயில், நான் மேடையில் சொன்னபடியே, இரண்டு வெள்ளை மொட்டுகள்.

சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினேன். "மௌவல்!" என்று கூப்பிட்டேன். குழந்தை பேசாமல் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாய்தான் சங்கடத்தோடு சிரித்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. கண்டம் தாண்டிருச்சு, அடுத்த மாசம் அம்மன் பேரா நல்ல பேரு ஒண்ணு வச்சிரலாம்னு இருக்கோம். இது வாயில நொழயல."